மும்பைத் தமிழர்களே, லாக்டவுன் விதிகளில் உங்களுக்கு இன்னும் ஆறாதது எது?

கோலிவாடாக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சயான் கோலிவாடாவில் பிறந்து வளர்ந்தவன். 2020இல் மகாராஷ்டிரா போர்டில் பத்தாவது எழுதி, பூகோளப் பரீட்சை ரத்தானதால் அதை எழுதாமலே பாஸான கூட்டத்தில் ஒருவன். அதனால் அந்த இரண்டு வருடத்தில் பெரியவர்கள் பட்ட பாடு எனக்கு நேரடியாகத் தெரியாது. எனக்கு நினைவிருப்பது ஆன்லைன் வகுப்பும் அம்மா போட்ட வடையும்தான்.

போன வாரம் சென்னையிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி கொரோனாவில் வந்து நின்றது. "உங்க மும்பையில ஆளுங்களை ஒழுங்கா அடக்கி வைக்கல, இன்னும் கண்டிப்பா இருந்திருக்கணும்" என்றார். அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். "அடக்கி வைக்கலையா? ரெண்டு கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டாங்களே, அது என்ன?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

நானும் தேடிப் பார்த்தேன். அந்த இரண்டு கிலோமீட்டர் விதி நிஜம்தான். 2020 ஜூன் கடைசியில் போலீஸ் போட்டது. கடைக்கும் சலூனுக்கும் வீட்டிலிருந்து அந்த தூரத்துக்குள்ளேயே போய்க்கொள்ள வேண்டும். ஊரே சிரித்ததும் சில நாளில் வாபஸ். அதற்கு முன்னால் தெருவின் ஒரு பக்கக் கடைகள் ஒற்றைப்படைத் தேதியில், எதிர்ப்பக்கம் இரட்டைப்படைத் தேதியில். 2021 ஏப்ரலில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர்: மருத்துவத்துக்குச் சிவப்பு, காய்கறிக்கும் பாலுக்கும் பச்சை, மற்ற அத்தியாவசிய ஊழியர்களுக்கு மஞ்சள். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. பார்கள் 2020 அக்டோபர் 5இல் திறந்தன. கோவில் திறக்க நவம்பர் 16 ஆயிற்று. அம்மாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

நான் கேட்பது இதுதான். எந்த விதியை நீங்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டீர்கள், எதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். எந்தக் கட்சி நல்ல கட்சி என்ற சண்டை வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

தம்பி, எங்கள் வீட்டில் ஆறாதது ஒன்றுதான். லோக்கல் ரயில்.

மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் இருக்கிறேன். தெற்கு மும்பையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரருக்கு குர்லாவில் லேத் பட்டறை வேலை. மார்ச் 22 நள்ளிரவோடு ரயில் நின்றது. அதைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது. ஊரே நின்றது, முதலாளியும் வீட்டில், நாங்களும் வீட்டில். பால் வாங்கப் போனால் தெருமுனை நாக்காவில் போலீஸ் லத்தியைத் தரையில் தட்டுவார். பயமாக இருந்ததே தவிர, ஆத்திரம் வரவில்லை.

ஆத்திரம் ஜூனில் ஆரம்பித்தது. ஊரைப் படிப்படியாகத் திறக்கும் திட்டத்துக்கு "மிஷன் பிகின் அகெய்ன்" என்று பெயர் வைத்தார்கள், முதல்வர் "புனஶ்ச ஹரி ஓம்", அதாவது மறுபடி ஆரம்பிப்போம் என்றார். தனியார் அலுவலகங்களைப் பத்து சதவீத ஆட்களோடு திறக்கலாம் என்றும் சொல்லியாயிற்று. ஜூன் 15இல் ரயிலும் ஓட ஆரம்பித்தது. ஆனால் அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும். கடை திறந்தாச்சு, முதலாளி கூப்பிட்டாச்சு, போக வழி? அந்தப் பத்து சதவீதம் பேரும் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எங்கள் ஊர் மாநகராட்சி இன்னும் ஒரு படி மேலே. மும்பைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் அங்கேயே தங்கிக்கொள்ளட்டும் என்று மே மாதத்தில் ஒரு உத்தரவு போட்டது. எல்லோரும் சத்தம் போட்ட பிறகு நிறுத்தி வைத்தது.

இந்திரா காந்தி சௌக்கில் பஸ்ஸுக்கு நிற்கும் வரிசை விடிவதற்கு முன்னாலேயே வளைந்து வளைந்து எங்கேயோ போய் முடியும். பஸ்ஸில் ஏறினால் வழியில் ஷீல்பாட்டா சந்திப்பில் நெரிசல். ஜூலை மழை, ஜன்னல் எல்லாம் சாத்தியாச்சு, உள்ளே மூச்சு முட்டும். ரயிலில் கூட்டம் சேரக்கூடாது என்று சொல்லி அதே கூட்டத்தை ஜன்னல் சாத்திய பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். இதில் யாருக்கு என்ன பாதுகாப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போலி அடையாள அட்டையோடு பிடிபட்டவர்களைப் பற்றி அப்போது பேப்பரில் அடிக்கடி செய்தி வரும். எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் மருந்துக் கம்பெனி அட்டை வைத்திருந்தார். அவர் விற்பது தரைவிரிப்பு.

அக்டோபரில் பெண்களுக்கு மட்டும் அனுமதி வந்தது. அதற்குள்ளும் ஒரு கூத்து. மாநில அரசு நவராத்திரிக்கு முன்னால் கடிதம் எழுதுகிறது, ரயில்வே முதலில் பேசி முடிவு செய்யலாம் என்கிறது, கடைசியில் 21ஆம் தேதி முதல் சரி என்றார்கள். மாநிலத்தில் ஒரு ஆட்சி, மத்தியில் ஒரு ஆட்சி, தண்டவாளத்தில் நாங்கள். நேரம் என்ன தெரியுமா? காலை 11 முதல் 3 வரை, அப்புறம் ராத்திரி 7க்கு மேல். என் கடை பத்து மணிக்கு. முதலாளி நல்ல மனிதர், பன்னிரண்டரைக்கு வந்தால் போதும் என்றார். சம்பளத்திலும் அதற்குத் தகுந்த மாதிரி கை வைத்தார், அது வேறு விஷயம்.

சாயங்காலம்தான் வேடிக்கை. ஸ்டேஷன் வாசலில் ஏழு அடிப்பதற்காகப் பெண்கள் கூட்டமாகக் காத்திருப்போம். காவலர் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்போம். ஆறு ஐம்பத்தைந்து, ஆறு ஐம்பத்தெட்டு. பின்னாலிருந்து தள்ளுவார்கள், முன்னால் நிற்பவளின் பை என் விலாவில் குத்தும். உள்ளேயிருந்து ஒலிபெருக்கி, இடைவெளி விட்டு நிற்கவும் என்று மூன்று மொழியில் சொல்லிக்கொண்டிருக்கும். ஏழுக்கு விட்டதும் ஓடிப்போய் ஏறினால் லேடீஸ் பெட்டி காலியாக இருக்கும். கூட்டம் ரயிலில் இல்லை, விதி நிறுத்தி வைத்த வாசலில்தான் இருந்தது.

வீட்டுக்காரர் ஆண் என்பதால் பஸ்தான். 2021 பிப்ரவரி 1இல் எல்லோருக்கும் ரயில் என்றார்கள். காலை முதல் வண்டியிலிருந்து 7 மணி வரை, பகல் 12 முதல் 4 வரை, ராத்திரி 9க்கு மேல். ஆறே காலுக்கு ஏறி குர்லாவில் இறங்கி, ஒன்பதுக்குத் திறக்கும் பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி ஒன்பது அடித்தால்தான் திரும்பி வர முடியும். இந்த அட்டவணையை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது வேலைக்குப் போயிருப்பாரா என்று கேட்பார். ஏப்ரலில் இரண்டாவது அலை வந்ததும் அதுவும் போயிற்று.

அப்புறம் வந்தது ஆகஸ்ட் 15. இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் ஆனவர்கள் மட்டும் ஏறலாம், அதுவும் மாதப் பாஸ் எடுத்துத்தான். வீட்டுக்காரருக்கு 47 வயது, ஏப்ரலிலேயே முதல் ஊசி, ஜூலையில் இரண்டாவது. அவர் ஏறலாம். எனக்கு அப்போது 42. பதினெட்டிலிருந்து நாற்பத்து நாலு வரை உள்ளவர்களுக்கு மே மாதம் தடுப்பூசி இல்லை என்று நிறுத்திவிட்டு ஜூன் பிற்பகுதியில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். ஜூன் கடைசியில் முதல் ஊசி போட்டால், கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி, செப்டம்பர் பாதி தாண்டிவிடும். அதற்கு மேல் 14 நாள். அக்டோபர் வந்துவிடும். போன வருடம் நான் ஏறலாம் அவர் ஏறக்கூடாது. இந்த வருடம் அவர் ஏறலாம் நான் ஏறக்கூடாது.

நான் ஊசி வேண்டாம் என்று அடம் பிடித்தவள் இல்லை. ஊசி இல்லை, போ என்றதும் அரசு. 84 நாள் பொறு என்றதும் அரசு. பொறுத்திருந்தவளை ரயிலில் ஏறாதே என்றதும் அரசு. தனியார் மருத்துவமனையில் கோவாக்சின் 1,410 ரூபாய், நாலு வாரத்தில் இரண்டாவது ஊசி. கையில் காசு இருந்தவர்கள் அப்படிப் போய் முன்னாலேயே பாஸ் எடுத்தார்கள். வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு கோவிஷீல்டையே 28 நாளில் போடலாம் என்று சலுகை இருந்தது. சரி, அவர்களுக்கு அவசரம். மாதச் சம்பளக்காரிக்கு அவசரம் இருக்காதா?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பாஸ் எடுக்கப் போன அன்றைக்கு நானும் கூடப் போனேன். சான்றிதழில் பிரதமர் படம், அதன் மேல் மாநகராட்சி ஆள் குத்திய முத்திரை, அதைக் காட்டினால் ரயில்வே பாஸ். எல்லா அரசாங்கமும் ஒரே தாளில் ஒற்றுமையாக இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

தொண்ணூறடி ரோடு:

அக்கா சொன்னது அத்தனையும் நியாயம். தாராவியில் எங்களுக்கு ரயில் அவ்வளவு பெரிய விஷயமில்லை, தோல் பை தைக்கும் வேலையும் வீடும் ஒரே சந்தில். எங்களுக்குப் பிரச்சினை "வீட்டிலேயே இருங்கள்" என்ற முதல் விதிதான். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர். வெளியே வராதே என்றால் கக்கூஸுக்கு எங்கே போவது? எங்கள் சந்தில் எல்லோருக்கும் பொதுக் கழிப்பறைதான்.

ஏப்ரல் 1இல் இங்கே முதல் கேஸ், அன்றைக்கே அவர் இறந்தும் போனார். சந்தை மூங்கில் கட்டி அடைத்தார்கள். டிவியில் தாராவி அவ்வளவுதான், வெடிக்கப் போகிறது என்று பேசினார்கள். ஆனால் எங்கள் ஜி நார்த் வார்டு மாநகராட்சி ஆபீஸ் ஒன்றைச் சீக்கிரம் புரிந்துகொண்டது. இங்கே ஆளை வீட்டுக்குள் அடைக்க முடியாது, நோயைத்தான் தேடிப் போக வேண்டும். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை தருகிற அதே பேட்டை டாக்டர்கள், அந்த வெள்ளைக் கவச உடையை மாட்டிக்கொண்டு சந்து சந்தாக வந்தார்கள். முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் நம்ம டாக்டர் என்று கண்டுபிடிப்போம். அதனால்தான் ஜனம் கதவைத் திறந்தது. மாநகராட்சி ஆள் மட்டும் வந்திருந்தால் காய்ச்சலை மறைத்திருப்பார்கள், சத்தியமாகச் சொல்கிறேன். கழிப்பறைக்கு ஒரு நாளில் பல தடவை மருந்து அடித்தார்கள். சந்தேகப்பட்டவர்களைப் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு வளாகத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். அழுதுகொண்டே போன எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மறுநாள் போன் பண்ணி, காற்று நன்றாக வருகிறது, மூன்று வேளை சாப்பாடு, அவசரமில்லாமல் குளிக்கலாம் என்றார். இரண்டு நாள் கழித்து மாமியாருக்கும் இலேசாகத் தொண்டை வலிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை 10இல் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவி பெயரைச் சொன்னார். டிசம்பர் 25இல் புதுக் கேஸ் பூஜ்யம். நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் தம்பி, அதே ஜூலையில் மூன்று வார்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உங்கள் கோலிவாடா இருக்கும் எஃப் நார்த்தும் அதில் ஒன்று. குடிசைப் பகுதியில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே வந்து போயிருந்தது, மற்ற கட்டடங்களில் 16 சதவீதம். தாராவி அந்தக் கணக்கில் இல்லை என்றாலும், இங்கேயும் பாதி அடக்கியது, பாதி வந்துவிட்டுப் போனது என்றுதான் என் எண்ணம்.

எனக்கு ஆறாதது ஊரில் நடந்தது. வேலை நின்று கையில் இருந்தது கரைந்ததும், மே மாதம் நாங்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பஸ் பேசி திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். தமிழ்நாட்டு ஈ-பாஸுக்கு விண்ணப்பித்து, நிராகரித்து, மறுபடி விண்ணப்பித்து, ஒரு வழியாகக் கிடைத்தது. கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் இறக்கி மூக்கில் குச்சி விட்டார்கள். பிறகு ஒரு கல்லூரி விடுதியில் வைத்தார்கள். மகாராஷ்டிராவிலிருந்து வருகிற எல்லோருக்கும் அப்படித்தான், அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் தினம் சாயங்காலம் சுகாதாரத்துறை அறிக்கை வரும். அதில் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள், மகாராஷ்டிரா இத்தனை என்று தனி வரி. எங்கள் தெருவில் அதை வாட்ஸ்அப்பில் வாசித்துவிட்டு ஜன்னல் வழியாக எங்கள் பாட்டி வீட்டைப் பார்ப்பார்கள். விடுதியிலிருந்து நெகட்டிவ் என்று விட்ட பிறகும் பாட்டி வீட்டுக் கதவில் ஸ்டிக்கர். குழாயடியில் பாட்டி குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொள்வார்கள். பாட்டி மும்பையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஜூனில்தான் சாத்தான்குளம். குறித்த நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும் பென்னிக்ஸையும் பிடித்துப்போய், காவலில் அடித்து, அப்பாவும் பிள்ளையும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நாங்கள் அப்போது பக்கத்து மாவட்டத்தில் இருந்தோம். ஒரு வாரத்துக்கு எங்கள் ஊரில் எல்லாக் கடையும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே ஷட்டரை இறக்கிவிட்டது. உன் சித்தப்பாவிடம் "இன்னும் கண்டிப்பு" என்றால் எவ்வளவு என்று கேட்டுச் சொல்.

நைட் டியூட்டி:

மும்பையில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டோம்பிவிலி அக்கா பட்டதை மறுக்கவில்லை. ஆனால் கொரோனாவுக்கு முன்னால் லோக்கலில் ஒரு நாளைக்கு 75 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். 2020 ஜூனில் அதைத் திறந்து விட்டிருந்தால் எங்கள் வார்டில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. படுக்கைக்கு அலைந்த காலம் அது. மாநகராட்சியின் 24 வார்டிலும் வார் ரூம் என்று தனித்தனிக் கட்டுப்பாட்டு அறை வைத்து, படுக்கையை அவர்கள் வழியாகவே ஒதுக்க ஆரம்பித்த பிறகுதான் வாசலில் கூச்சல் குறைந்தது. 2021 ஏப்ரல் 17 ராத்திரி ஆறு மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீரும் நிலை வந்து, 168 நோயாளிகளை விடிவதற்குள் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் டெல்லி ஆக்சிஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் மும்பையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றது. ஆகவே அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று உங்கள் சித்தப்பா சொன்னால், அவர் அந்த ராத்திரி இங்கே இல்லை.

என் எரிச்சல் வேறு. விதிகளில் பாதியைத்தான் அரசாங்கம் போட்டது, மீதியைப் போட்டது குடியிருப்பை நடத்தும் சொசைட்டி கமிட்டி. வேலைக்காரப் பெண்கள் வரலாம் என்று அரசு சொன்ன பிறகும் எங்கள் கட்டடத்தில் மாதக்கணக்கில் விடவில்லை. லிஃப்ட் பொத்தானை அழுத்தப் பல்குத்தும் குச்சி வைத்தார்கள், சரி, அது நல்ல யோசனை. ஆனால் "மருத்துவமனை ஊழியர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்" என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டினார்கள். ஆறாவது மாடி. பன்னிரண்டு மணி நேரம் கவச உடையில் நின்ற காலோடு ஏறினேன். இது எந்த அரசாணையிலும் இல்லை. செயலாளரிடம் கேட்டேன், "ரூல்ஸ் இஸ் ரூல்ஸ்" என்றார். போன வருடம் அவருக்கு பைபாஸ் ஆனபோது எந்த மருத்துவமனை நல்லது என்று என்னிடம்தான் கேட்டார்.

மாஸ்க் அபராதமும் அப்படித்தான். முதலில் ஆயிரம், பிறகு 200 ரூபாய் ஆக்கினார்கள். மாஸ்க் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அபராதம் வசூலிக்க மாநகராட்சி ஒப்பந்தத்தில் எடுத்த மார்ஷல்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனை, தண்ணீர் குடிக்க இறக்கினவனைத்தான் பிடித்தார்கள். கார் கண்ணாடியைத் தட்டினதை நான் பார்த்ததே இல்லை.

மாட்டுங்கா மச்சான்:

கொஞ்சம் சிரிக்கவும் செய்யலாம். 2021 மே மாதம் தங்கை கல்யாணம். ஏப்ரல் 22 உத்தரவுப்படி 25 பேர், இரண்டு மணி நேரம், ஒரே நிகழ்ச்சி, மீறினால் 50,000 ரூபாய் அபராதம்.

நம்ம கல்யாணத்தில் காசி யாத்திரைக்குக் குடை தேடவே அரை மணி ஆகும். வாத்தியாரிடம் சொன்னேன், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு "மந்திரத்தைக் குறைக்க மாட்டேன், வேகத்தைக் கூட்டுகிறேன்" என்றார். ஊஞ்சல் போயிற்று, நலங்கு போயிற்று. 25 பேரில் வாத்தியார், அவர் உதவியாள், சமையல்காரர், நாயனம், தவில், போட்டோ எல்லோரும் சேர்த்தியா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். கடைசியில் நாயனம் போனில்தான். கெட்டிமேளம் வரும் நேரத்தில் விளம்பரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பன்னிரண்டு, எங்களுக்குப் பன்னிரண்டு, மிச்சம் ஒன்று யாருக்கு என்று இரண்டு நாள் பேச்சுவார்த்தை. பெரியப்பா வாசலிலேயே ஸ்கூட்டரில் உட்கார்ந்து அட்சதையை உள்ளே கொடுத்தனுப்பினார். அவர் இன்னமும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. உத்தரவு போட்டவர்களோடு அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

நைட் டியூட்டி தங்கச்சி, உன்மேல் எனக்கு என்ன கோபம்? நீங்கள் எல்லாம் இல்லையென்றால் எங்கள் மாமனார் இன்றைக்கு இல்லை.

ஆனால் நான் ரயிலைத் திறந்து விட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ரயிலை மூடினால் அலுவலகத்தையும் மூடு. அலுவலகத்தைத் திறந்தால் அங்கே வருகிறவன் எப்படி வருவான் என்று யோசி. வேலை நேரத்தையே மாற்றச் சொல்லி முதலாளிகளுக்கு உத்தரவு போட்டிருக்கலாம், பாதிப் பேர் காலை ஏழுக்கு, பாதிப் பேர் பதினொன்றுக்கு என்று. மும்பையில் இதைப் பல வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேரத்தை மாற்றிக்கொள்ளும் பாடு கடைசியில் முதலாளிக்கு வரவில்லை, பயணிக்குத்தான் வந்தது. கண்ணுக்கு எதிரே காலி ரயில் போகும்போது பஸ்ஸில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை. ஷீல்பாட்டா நெரிசலில் பஸ்ஸுக்குள் ஆட்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கோலிவாடாக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஸ்கூட்டர் பெரியப்பாவுக்குத்தான் அவர் ஓட்டு.

இன்னொரு சந்தேகம். மாமா மேல் 2020இல் வெளியே சுற்றியதாக, அரசு உத்தரவை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவில் ஒரு வழக்குப் போட்டார்கள். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இப்போது அவர் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும். அந்த வழக்கு இன்னும் உயிரோடு இருக்குமா?

கோர்ட் நாக்கா:

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில் ரயில் விஷயம், அக்காவுக்காக. இரண்டு ஊசி விதியை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அந்த உத்தரவுகளை அப்போதைய தலைமைச் செயலாளர் பேரிடர் சட்டம் சொல்லும் நடைமுறைப்படி பிறப்பிக்கவில்லை என்று 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது. வாபஸ் வாங்குகிறோம் என்றது அரசு. மார்ச்சில் புது உத்தரவு போட்டது, அதிலும் இரண்டு ஊசி கட்டாயம். ஏப்ரல் 1 முதல்தான் மகாராஷ்டிராவில் எல்லாக் கட்டுப்பாடும் போயிற்று. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, போடாதவர்கள் மேல் வைத்த தடைகள் அப்போதிருந்த நிலைமைக்குப் பொருத்தமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது மே 2இல். அதற்குள் ரயில் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

2020இல் அரசு முதலில் கையில் எடுத்த கொள்ளைநோய்ச் சட்டம் 1897இல் வந்தது, இதே பம்பாயில் பிளேக் பரவியபோது. வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள் என்று அந்த வருடமே புனேயில் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டுக் கொன்றார்கள். நம்ம ஆட்கள் ஸ்டிக்கரைக் கிழித்ததோடு விட்டோம்.

இப்போது மாமா. 188 சின்ன வழக்கு, அதிகபட்சம் ஆறு மாதம். பொதுவாக ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும், அதுவும் அதிகாரியின் எழுத்துப்பூர்வமான புகார் இருந்தால்தான். லாக்டவுன் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக மகாராஷ்டிரா அரசு 2022இல் அறிவித்தது. ஆனால் அறிவித்ததும் வழக்கு தானாகக் காணாமல் போகாது. நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அரசு வக்கீல் அங்கே மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். எஃப்ஐஆர் நம்பர், வருடம், எந்தக் காவல் நிலையம், இந்த மூன்றும் இருந்தால் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். அங்கே ஒன்றும் வராவிட்டால், அந்தக் காவல் நிலையத்தில் போய் நிலவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் படிவத்தில் வழக்கு உண்டா என்ற கேள்விக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுவது நல்லது. போகும்போது எஃப்ஐஆர் நகல் எடுத்துப் போகட்டும், வாயால் சொன்னால் தேட மாட்டார்கள்.